மூன்றாவது முறையும் நீட் எழுதலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பா கொத்தனார், அம்மா வீட்டிலேயே தையல் வேலை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு இல்லை. 2024இல் முதல் முறை நீட் எழுதி 421 எடுத்தேன். அம்மாவின் செயினை அடகு வைத்து, விடுதியோடு சேர்ந்த கோச்சிங்கில் ஒரு வருடம் படித்தேன். 2025இல் 448. இயற்பியல் 39, வேதியியல் 107, உயிரியல் 302. எங்கள் பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசி இடம் வாங்கியவரைவிட 23 மார்க் குறைவு. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வந்தது. வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல். அப்பா வீட்டை விற்கிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது தனியாரில் பல் மருத்துவம், பி.டி.எஸ். கிடைக்கும் போலிருக்கிறது. அதில் சேர்ந்துகொண்டே திரும்ப எழுது என்கிறார் மாமா. பழைய கோச்சிங்கில் பாதிக் கட்டணத்துக்கு வரச் சொல்கிறார்கள். அப்பா ஒரு நாள், "ஒரு வருஷம் உட்கார்ந்து 27 மார்க்தானே கூடியிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சில ராத்திரி தூக்கமே வருவதில்லை. எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது. மூன்றாவது முறை எழுதலாமா மேடம்?

பதில்:

உன் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியிலிருந்து தொடங்குகிறேன் மா. நீட், பி.டி.எஸ்., கோச்சிங் எல்லாம் பிறகு பேசலாம்.

எதற்கு இருக்கிறோம் என்ற எண்ணம் எப்போதாவது வந்து போகிறதா, அல்லது எப்படிச் சாவது என்ற அளவுக்குப் போகிறதா? நேராகத்தான் கேட்கிறேன். கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அப்படிக் கூடிவிடாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் இன்று ராத்திரியே அம்மாவிடம் சொல். "தூக்கம் வரல, மனசு சரியில்லை, பக்கத்தில் படுத்துக்கோ" என்ற அளவுக்குச் சொன்னால் போதும், மிச்சம் அம்மாவுக்குப் புரியும். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் மனநல உதவி இருக்கிறது. தமிழக அரசின் 104ம் இருக்கிறது. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனால் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால் அது உன் மன உறுதியைப் பற்றிய விஷயமே இல்லை. சர்க்கரை கூடினால் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டிய விஷயம். அதைச் சரிசெய்யாமல் எந்தத் தேர்வுக்கும் உட்காராதே. நான் 30 வருடத்துக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுத்தவள். தூங்காத மூளையில் படித்தது தங்காது என்பதை உடலியங்கியல் ஆசிரியையாகவே சொல்கிறேன்.

இனி உன் அப்பா சொன்ன 27 மார்க். அந்தக் கணக்கு தப்பு மா. அவர் மேல் குற்றம் இல்லை, அந்தக் கணக்கைத்தான் ஊரே போடுகிறது.

2024 நீட்டை நினைத்துப் பார். முதலில் வெளியான பட்டியலில் 67 பேர் 720க்கு 720. மார்க் தண்ணீர் மாதிரி ஓடிய வருடம் அது. 2025இல் நாட்டிலேயே முதலிடம் வாங்கியவருக்கு 686. பொதுப் பிரிவில் தகுதி மதிப்பெண் 2024இல் 162 ஆக இருந்தது, 2025இல் 144 ஆக இறங்கியது. இயற்பியல் தாளைப் பார்த்து நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே கண் கலங்கி வெளியே வந்தார்கள். 200 கேள்வியில் 180 எழுதினால் போதும் என்ற சலுகையும் 2025இல் போய்விட்டது. 200 நிமிடம் 180 நிமிடமாயிற்று. ஆக இந்த இரண்டு வருட மார்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழிப்பது, போன வருட நெல் விலையையும் இந்த வருடத் தங்க விலையையும் ஒப்பிடுகிற மாதிரி.

உன் இரண்டு மதிப்பெண் பட்டியலையும் எடுத்து அகில இந்தியத் தரவரிசையைப் பார். 2024இல் 421க்கு நான்கு லட்சத்தை ஒட்டி ஒரு எண் இருக்கும். 2025இல் 448க்கு ஒன்றரை லட்சத்துக்குள் இருக்கும். ஒரே வருடத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் தாண்டி வந்திருக்கிறாய். அந்த இரண்டு தாளையும் அப்பா முன்னால் வைத்து, மார்க்கைக் கையால் மறைத்துக்கொண்டு தரவரிசையை மட்டும் காட்டு. கொத்தனார் வேலை செய்கிறவருக்கு மட்டம் பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தரவரிசை ஏறியது என்பதற்காகவே மூன்றாவது முறை எழுது என்று சொல்லிவிட மாட்டேன். இன்னும் ஏற இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சொந்தக்காரரிடமும் கேட்க வேண்டாம், கோச்சிங் நிறுவனத்திடமும் கேட்க வேண்டாம். உன் விடைத்தாளிடம் கேள்.

நீட்டை நடத்துகிற என்.டி.ஏ., நீ வட்டத்தைக் கறுப்பாக்கிய ஓ.எம்.ஆர். தாளின் படத்தையும், நீ குறித்ததாகக் கணினி எடுத்துக்கொண்ட விடைகளையும், விடைக்குறிப்பையும் வெளியிட்டபோது இறக்கி வைத்தாயா? மின்னஞ்சலிலும் தேடிப் பார். வினாத்தாள் உன்னிடமே இருக்கும். மூன்றையும் மேசையில் விரித்துக்கொள்.

நீ அனுப்பிய விவரப்படி இயற்பியலில் 14 சரி, 17 தவறு, 14 விட்டது. வேதியியலில் 29 சரி, 9 தவறு, 7 விட்டது. உயிரியலில் 78 சரி, 10 தவறு, 2 விட்டது. இயற்பியலைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கு தடவைக்கு ஒரு தடவை சரியாகும். அதாவது மூன்று தவறுக்கு ஒரு சரி தானாக வந்துவிடும். உன் 17 தவறும் குருட்டாம்போக்கில் குறித்தவை என்றால், கூடவே ஐந்தாறு சரியும் அதிர்ஷ்டத்தில் வந்திருக்கும். அப்படியானால் 45 கேள்வியில் உனக்கு நிஜமாகத் தெரிந்தது எட்டு, ஒன்பதுதான்.

இதை உன்னை நோகடிக்கச் சொல்லவில்லை. இயற்பியலில் எட்டு, ஒன்பது மட்டும் தெரிந்த ஒரு பெண் ஒன்றரை லட்சத்துக்குள் வந்திருக்கிறாள் என்றால் அவளுக்கு ஏற எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். உயிரியலில் 302 எடுத்தவளுக்கு அங்கே இன்னும் 30, 40 கிடைக்கலாம், அவ்வளவுதான். இயற்பியல் உனக்கு இன்னும் உழாத நிலம்.

இப்போது நீ செய்ய வேண்டிய வேலை இது. தவறான 36 கேள்வியையும், விட்ட 23 கேள்வியையும் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று குவியலாகப் பிரி.

முதல் குவியல், தெரிந்தும் கோட்டை விட்டவை. "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்க, சரியான கூற்றைக் குறித்தது. சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தது. 112க்குக் குறிக்க வேண்டியதை 113க்குக் குறித்தது.

இரண்டாவது, அரைகுறையாகத் தெரிந்தவை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கம்பியை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் அதன் மின்தடை எத்தனை மடங்காகும்? இரண்டு என்று குறித்திருந்தால் நீளம் கூடினால் தடை கூடும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. இழுக்கும்போது கம்பி மெலிந்து, குறுக்குப் பரப்பு பாதியாகும் என்பது நினைவுக்கு வரவில்லை. விடை நான்கு மடங்கு. படித்ததுதான், ஆனால் கையால் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது, படிக்கவே படிக்காதவை. கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்றே பிடிபடாதவை.

எண்ணிப் பார். மூன்றாவது குவியல் பெரிதாக இருந்து, அது நான்கைந்து பாடத்துக்குள் அடங்கினால், எழுது. தயங்காதே. படிக்காததைப் படித்தால் மார்க் வரும், அதில் மர்மம் எதுவும் இல்லை. முதல் குவியல் பெரிதாக இருந்தாலும் எழுதலாம், அது பயிற்சியில் சரியாகும். இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருக்கிறது, அதுவும் மூன்று பாடத்திலும் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கிறது என்றால் எனக்குக் கவலை. இரண்டு வருடம் எல்லாவற்றையும் படித்தும் எதுவும் முழுதாக உட்காரவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் அதே மாதிரி இன்னொரு வருடம் படித்து, அதே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

உன் எண்களையும், இயற்பியல் வகுப்பு வேகமாக, ஆங்கிலத்தில் ஓடியது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், உனக்கு மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும் என்பது என் கணிப்பு. அப்படி இருந்தால் என் பதில்: எழுது. வருகிற மே மாதமே எழுது. ஒரு வருடம் ஆறப்போட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் உச்ச வயதுக்கும் இப்போது வரம்பு கிடையாது, உண்மைதான். ஆனால் உன் உயிரியல் இன்னும் சூடாக இருக்கிறது. இயற்பியலுக்கு முழு நேரம் கொடுக்க முடிவது இந்தச் சூடு இருக்கும்வரைதான்.

ஆனால் இதுதான் கடைசி என்று இப்போதே எழுதி வை. காரணம் இருக்கிறது.

சில வருடம் முன்னால் என் முதலாண்டு வகுப்பில் ஒரு பையன். மூன்று முறை எழுதி உள்ளே வந்தவன். ஆய்வகத்தில் ஹீமோகுளோபின் பார்க்கிற செய்முறை. மற்றவர்கள் தன் விரலில் தானே குத்திக்கொள்ளத் தயங்கி நிற்கும்போது இவன் முதல் ஆளாகக் குத்தி, பிப்பெட்டில் 20 குறி வரை ரத்தத்தை உறிஞ்சி, காற்றுக் குமிழ் இல்லாமல் எடுத்துவிட்டான். நல்ல கை. அடுத்த மாதம் உள்தேர்வு. இதயச் சுழற்சியை விவரி என்ற கேள்விக்கு நான்கு வரி எழுதி நிறுத்தியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மேடம், நாலு ஆப்ஷன் குடுத்தா சொல்லிடுவேன். எழுத வரல" என்றான். மூன்று வருடமாக அவன் ஒரு முழுப் பத்திகூட எழுதியிருக்கவில்லை. வட்டத்தைக் கறுப்பாக்கியது மட்டும்தான். தேறினான், ஆனால் அந்த வருடம் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வில் தேற நான்கு முயற்சிதான் அனுமதி. உள்ளே போனதும் ஓட வேண்டியிருக்கும். அதற்கு மிச்சம் வைக்காமல் எல்லாத் தெம்பையும் வாசலிலேயே செலவழித்துவிட்டுப் போகக் கூடாது. அதனால்தான் கடைசி என்கிறேன்.

உனக்கும் ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரம் படித்த ஏதாவது ஒன்றை, ஆங்கிலத்தில், ஒரு பக்கம் எழுது. தப்பும் தவறுமாக இருக்கட்டும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் ஆறு மாதம் திணறுவார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். நீ அந்த ஆறு மாதத்தை இப்போதே தொடங்கிவிடலாம்.

பி.டி.எஸ். விஷயத்தில் மாமா சொல்வதைக் கேட்காதே. பல் மருத்துவம் நல்ல படிப்பு. அதைப் படிக்க ஆசைப்பட்டுச் சேர்ந்தால் நான் கைதட்டுவேன். பஸ் வரும்வரை நிற்கிற நிழற்குடையாக அதைப் பயன்படுத்தாதே. பி.டி.எஸ். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. காலையில் கல்லூரி, மாலையில் நீட் என்று இரண்டையும் இழுத்தால் இரண்டும் அரைகுறையாகும். கட்டணம் வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். பாதியில் விலகினால் என்ன கட்ட வேண்டும், அசல் சான்றிதழ் எப்போது கைக்கு வரும், ஒரு படிப்பில் இருக்கிறவர் மறு வருடம் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்பதெல்லாம் மருத்துவச் சேர்க்கையை நடத்துகிற தேர்வுக் குழுவின் விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். எந்தப் படிப்பில் சேர்வதாக இருந்தாலும் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இடம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் படிப்பதில்லை. பிறகு அப்பாக்கள் கல்லூரி அலுவலக வாசலில் நிற்பார்கள்.

வீட்டை விற்க வேண்டாம் என்றாயே, அதை நினைத்து இனிமேல் ஒரு நாளும் வருந்தாதே. கட்டணம், விடுதி, புத்தகம் என்று நாலரை வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும். தலைக்கு மேல் கூரையையும் விற்றுவிட்டு அம்மா தையல் மெஷினை எங்கே போடுவார்? நீ எடுத்தது பொறுப்பான முடிவு. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்ட் யாராவது வீட்டுக்கு வந்தாலும் இதே பதில்தான். அங்கே 54 மாதப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்துவிட்டு, இங்கே வந்து தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேர்ச்சி பல முறை 30 சதவீதத்துக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

பழைய கோச்சிங்குக்கு, பாதிக் கட்டணம் என்றாலும் போகாதே. போன வருடம் அங்கே உயிரியலைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள், அது உனக்கு ஏற்கெனவே வரும். இயற்பியலை நீ பிடிக்க முடியாத வேகத்தில் ஓட்டினார்கள். மறுபடி போனால் அதே வருடத்தை இன்னொரு முறை வாழ்ந்துவிட்டு வருவாய். உனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, இயற்பியலைத் தமிழில் நிதானமாகச் சொல்லித்தரக் கூடிய ஒரு முதுகலை ஆசிரியர். பக்கத்து ஊர்ப் பள்ளிகளில், ஓய்வு பெற்றவர்களில் விசாரி. உன் பழைய பள்ளி ஆசிரியரிடமே போய்க் கேள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். சந்தேகத்தைக் கையில் எழுதிக்கொண்டு போய் உட்கார வேண்டும். இரண்டு, கடிகாரம் வைத்து எழுதுகிற முழுத் தேர்வுகள். பழைய நீட் வினாத்தாள்கள் எல்லாம் கிடைக்கின்றன. அம்மாவின் செயின் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது, அதை மீட்பதற்கு முன்னால் இன்னொரு நகை போகக் கூடாது.

இயற்பியலை முதல் பாடத்திலிருந்து வரிசையாகத் தொடங்காதே. அளவீட்டியலில் தொடங்கி, சுழல் இயக்கத்தில் சிக்கி, பொங்கலுக்குள் மனம் உடைந்தவர்கள் நிறைய. மின்னோட்டவியல், ஒளியியல், அணுவும் அணுக்கருவும், குறைகடத்தி, வெப்ப இயக்கவியல், இந்த ஐந்தையும் முதலில் முடி. சூத்திரத்தைப் போட்டு நேராக விடை வருகிற கேள்விகள் இவற்றில் அதிகம். கை ஓடத் தொடங்கியதும் மனம் பின்னாலேயே வரும். பிறகு நிலைமின்னியல், இயக்க விதிகள். சுழல் இயக்கம் கடைசியில் இருக்கட்டும். காலை மூன்று மணி நேரம் இயற்பியலுக்கு, அதுவும் பேனா பிடித்து. கணக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வது படிப்பே இல்லை. வேதியியலுக்கு இரண்டரை மணி. உயிரியலுக்கு ஒரு மணி போதும், என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை வரி விடாமல், தினம் கொஞ்சம். ராத்திரி பத்தரைக்கு விளக்கை அணை.

தேர்வை நீ தமிழில் எழுதினால் வினாத்தாளில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. அதனால் பயிற்சியில் இரண்டையும் படித்துப் பழகு.

எத்தனை மார்க் இலக்கு என்று கேட்பாய். 23 குறைந்தது என்பதால் 23ஐப் பிடித்தால் போதும் என்று நினைக்காதே. தாள் எளிதாக வந்தால் எல்லோருக்கும் ஏறும், கடைசி இடத்துக்கான மார்க்கும் ஏறும். ஒரு தவறைச் சரியாக்கினால், கழிந்த ஒன்றும் திரும்பி வருவதால் ஐந்து மார்க், விட்டதைச் சரியாக்கினால் நான்கு. இயற்பியலில் மட்டும் தவறிலிருந்து எட்டு, விட்டதிலிருந்து ஆறு என்று வைத்துக்கொள். இப்போதைய 39க்கு மேல் 64 மார்க். அந்த 64தான் உன் இலக்கு. பொங்கலுக்குள் மூன்று பழைய தாள்களை 180 நிமிடத்தில் எழுதிப் பார். 2025 தாள் வேண்டாம், விடை நினைவிருக்கும். இயற்பியல் மூன்றிலும் 80ஐ ஒட்டி வந்தால் பாதை சரி. 50ஐத் தாண்டவே இல்லை என்றால் மே மாதத் தேர்வை எழுது, ஆனால் கூடவே மாற்று வழிக்கும் விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும்.

மாற்று வழி என்றதும் முகம் வாடாதே மா. பி.எஸ்சி. நர்சிங்குக்குத் தமிழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால் செலவும் குறைவு. ஐ.சி.யூ.வில் ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பவர் நர்ஸ்தான். டாக்டரை எழுப்புவது அதற்குப் பிறகு. சித்த மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண் போதும், ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீ விண்ணப்பித்ததாக எழுதவில்லை. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மருத்துவத்தில் உனக்கு நம்பிக்கை இருந்தால் மட்டும் போ, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதிலாக என்று போகாதே.

விண்ணப்பத்தில் சின்னத் தப்பு நேராமல் பார்த்துக்கொள். 2025 தேர்வுக்கு பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். ஜனவரிக்குள் உன் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்து, கலந்தாய்வு நேரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடியவர்கள் ஏராளம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், எல்லாவற்றையும் வாங்கி ஒரு பையில் போட்டு வை. கலந்தாய்வில் மாநில ஒதுக்கீட்டுக்கும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பம். அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் மாநிலத்துக்கு, 15 சதவீதம் அகில இந்தியத்துக்கு. போன முறை மாநிலத்துக்கு மட்டும் போட்டிருந்தால் இந்த முறை இரண்டுக்கும் போடு. மத்திய அரசுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் வேறு படிவத்தில் வாங்க வேண்டும்.

7.5 பற்றி ஒரு வார்த்தை. உன்னைவிடக் குறைந்த மார்க்கில் உன் தோழி உள்ளே போனது உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். உறுத்தும்தான். ஆனால் 2020இல் அந்தச் சட்டம் வருமுன் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களை என் வகுப்பில் தேட வேண்டியிருந்தது. வந்தபின் முன் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்கள். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகள்தான், அவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயம். அந்தக் கோபத்தைத் தோழி மேல் காட்டாதே. அவளுக்குப் போன் பண்ணு. அவள் முதலாண்டு எப்படி இருக்கிறது என்று கேள். உனக்குத் தைரியம் வரும்.

திரும்ப எழுதுவது அவமானம் என்று யாராவது சொன்னால், 2020-21இல் தமிழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் முந்தைய வருடங்களில் பிளஸ் டூ முடித்து மறுபடி எழுதியவர்கள் என்று, நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு சொன்னதை எடுத்துச் சொல். அந்த நிலைமை சரியா என்பது வேறு பெரிய விவாதம். ஒரு வருடம் காத்திருக்க வசதி உள்ளவர்களுக்கே கதவு திறக்கிறது என்பது எனக்கு வருத்தமான விஷயம். ஆனால் அந்த வரிசையில் நீ தனியாக நிற்கவில்லை.

நானும் நின்றிருக்கிறேன். 1984இல் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு வந்தது. அதற்கு அடுத்த வருடம் எழுதி, கிடைக்காமல், ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போகக் கூசும். யாராவது "என்ன பண்றே" என்று கேட்டுவிடுவார்களோ என்று குடத்தோடு விடியுமுன் போய்விடுவேன். ஒரு நாள் அப்பா, "நீ ஏழு மணிக்கே போ. கேட்டா, படிக்கிறேன்னு சொல்லு. பொய் இல்லையே" என்றார். அன்றிலிருந்து ஏழு மணிக்குத்தான் போனேன். உன் அப்பாவும் அப்படிச் சொல்லக் கூடியவர்தான் என்று உன் கடிதத்தில் தெரிகிறது. தரவரிசைத் தாளை முதலில் அவரிடம் காட்டு.

இந்த வாரத்துக்குள் மூன்று குவியலையும் பிரித்து எண்ணி எனக்கு எழுது. இரண்டாவது குவியல் பெரிதாக இருந்தால் நாம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும், அதை மறைக்காமல் எழுது. அம்மாவிடம் சொன்னாயா, தூங்கினாயா என்பதையும் அதே கடிதத்தில் முதல் வரியாக எழுது.